மறுபடியும் தொண்டை

சித்தி ஒரு கையால் சிறுமியின் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கரண்டியைப் பல்லிடுக்கில் திணித்தாள். பாதி மருந்து உள்ளே போனது, மீதி சித்தியின் மணிக்கட்டில் வழிந்தது. "இவ என்னைக் கொல்றா, எங்கம்மாவைக் கூப்பிடுங்க" என்று அந்த எட்டு வயதுப் பெண் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது.

மூத்த தாரத்துப் பிள்ளையை இளையவள் படுத்துகிறாள் என்று எதிர்வீட்டில் பேசிக்கொள்வது சித்திக்குத் தெரியாததல்ல.

முதல் தடவை தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து போன கையோடு சிறுமி ஓயாமல் கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்திருந்தாள். அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. தன் கடை நாற்காலியிலேயே உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தார். பார்வையில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் நடிக்கிறாள் என்று முடிவுகட்டிக் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

சிமிட்டல் நிற்கவில்லை. கழுத்தும் சேர்ந்து வெட்டி வெட்டி இழுத்தது. கை கழுவப் போனால் தோல் உரிந்து ரத்தம் கசிந்தாலும் குழாயை மூட மாட்டாள். முத்து முத்தாக இருந்த கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கி ஓடியது. வகுப்புப் பிள்ளைகள் அவளைப் போலவே சிமிட்டிக் காட்டினார்கள். டீச்சரும் திரும்பிக்கொண்டு சிரித்தார்களாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, அம்மா செத்துப்போய்விடுவாள் என்று ஒரு பயம். அம்மா கண்ணில் பட்டால்தான் மூச்சே சீராக வந்தது.

அம்மா தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், ஒற்றை அறையில் குடியிருப்பவள். விவாகரத்தின்போது கோர்ட் பிள்ளையை அப்பாவிடம் கொடுத்துவிட்டது. அம்மாவுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு, அதுவும் பூங்கா பெஞ்சில், அப்பாவின் பார்வையில். பிள்ளை படும் பாட்டைப் பார்த்து, வேறு வழியில்லாமல் அப்பா வீம்பை விழுங்கிக்கொண்டு அவளை வரச் சொன்னார்.

அவள் வந்து மகளோடு ஒரே கட்டிலில் படுத்தாள். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே டம்ளரில் குடித்தார்கள். சிறுமி அடங்கினாள். குணமான மறுநாள் அப்பா அம்மாவின் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

குழந்தை டாக்டர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். "இது நடிப்பு இல்ல. தொண்டையில வந்த கிருமியை அடிக்கப் போற உடம்பு, ஆள் தெரியாம மூளையையும் சேர்த்து அடிக்குது. சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகும். தொண்டை மறுபடி கெடாமப் பார்த்துக்குங்க" என்றார். அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆனால் மறுபடியும் தொண்டை கெட்டது. கூட இருப்பவர் யாருடைய தொண்டையிலாவது தொல்லை எதுவும் கொடுக்காமல் கிருமி குடியிருக்கலாம் என்று, டாக்டர் பெரியவர்கள் எல்லாருக்கும் பஞ்சுக்குச்சியால் தொண்டையைத் தொட்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. சித்திக்கும் இருந்தது, அம்மாவுக்கும் இருந்தது.

இருவருக்கும் ஒரே வகை மாத்திரை. சித்தி அங்கேயே தண்ணீர் வாங்கி முதல் மாத்திரையை விழுங்கினாள். அம்மா டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அதற்கு அடுத்த பூங்கா ஞாயிறு கழிந்ததும் வந்ததுதான் இந்தக் காய்ச்சல். கரண்டியைக் கழுவிவிட்டு வந்த சித்தியை அப்பா உட்காரவைத்து விசாரித்தார். அவள் காலியான மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினாள். மாத்திரையைப் பிதுக்கிச் சாக்கடையில் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

"நான் பெக்கலைங்கிறதுக்காக அப்படிச் செய்வேனாங்க?" என்றாள் சித்தி.

அப்பா காலி அட்டைகளைக் குப்பைக் கூடையில் வீசினார். அதற்குள் வரவழைக்கப்பட்டிருந்த அம்மா, மகளின் தலையை வாரிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சித்தி இரண்டு பெட்டிகளோடு பிறந்த வீட்டுக்குக் கிளம்பினாள். ஒப்புக்குக்கூட யாரும் தடுக்கவில்லை.

சிறுமி தேறினாள். அம்மாவின் பை மறுபடி வாசலுக்கு வந்தது.

பூங்கா ஞாயிறும் வந்தது. சில நாளில் தொண்டை மறுபடி சிவந்தது. சந்தேகப்பட இந்தத் தடவை வீட்டில் சித்தி இல்லை.

முன்பு வந்ததெல்லாம் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. விழுங்கினால் தொண்டை அடைத்துச் செத்துப்போவேன் என்று சிறுமி பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. எலும்பும் தோலுமான பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அம்மா பக்கத்திலேயே இருந்தாள், வீட்டுக்கும் போகவில்லை, வேலைக்கும் போகவில்லை. இப்படி ஒரு தாயை எங்கே பார்க்க முடியும் என்று நர்ஸுகள் சொல்லிக்கொண்டார்கள்.

டாக்டர் அம்மாவின் தொண்டையை இன்னொரு முறை சோதித்தார். முடிவு வந்ததும் அப்பாவை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, அறைக் கதவைச் சாத்தினார்.

"உங்க தொண்டையில கிருமி அப்படியே இருக்கு. நான் குடுத்த மாத்திரை ஒண்ணைக்கூட நீங்க சாப்பிடலை, அப்படித்தானே?"

அம்மா மறுக்கவில்லை. மகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். தூக்கத்திலும் சிறுமி அவள் விரலை விடாமல் பிடித்திருந்தாள்.

"உங்ககிட்டேருந்துதான் இவளுக்குத் தொத்துதுன்னு தெரிஞ்சுமா?" என்று கேட்டார் டாக்டர்.

அம்மா குனிந்து மகளின் வாயில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இவ நல்லாயிட்டா, என்னை யாரு டாக்டர் உள்ள விடுவாங்க?"