பிணம் இல்லாத கொலைப் படம்

"கொலைப் படத்துல பிணத்தையே காட்டலைன்னா எப்படிய்யா? இப்பப் பாரு, அந்தம்மா விழுந்து விழுந்து சிரிக்குது!" என்று பல்லைக் கடித்தார் தயாரிப்பாளர் மார்ட்டி.

ஹாலிவுட்டில், படம் வெளியாகும் முன் பொதுமக்களுக்குப் போட்டுக்காட்டும் காட்சி. ஊரையே உலுக்கிய, கொலையாளி கடைசிவரை சிக்காத ஒரு பழைய நிஜ வழக்குதான் கதை. திரையில், சாகப்போகும் பெண் தன்னோடு ஆடுபவனின் காலை மிதித்துவிட்டு அவனையே திட்டினாள். கடைசி வரிசை மூதாட்டி மறுபடி சிரித்தார்.

"திங்கட்கிழமை பிணத்தோட ஒரு சீன் எடுத்துச் சேர்த்துடு, வெண்டல்."

படம் முடிந்ததும் இயக்குநர் வெண்டல் நேராக அந்த மூதாட்டியிடம் போனார். மார்ட்டியும் பின்னாலேயே வந்தார்.

"எதுக்கும்மா அப்படிச் சிரிச்சீங்க?"

"மன்னிச்சுக்கோ தம்பி. எங்கக்கா அப்படியேதான். மிதிக்கிறதும் அவதான், திட்டுறதும் அவதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது வருஷமா அவ பேரைச் சொன்னாலே, பத்திரிகையில வந்த அந்தப் பிணப் போட்டோதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எனக்கும்தான். இன்னிக்குத்தான் அவ முகம் திரும்பக் கிடைச்சுது."

மார்ட்டி தொப்பியைக் கழற்றினார்.

"வெண்டல், திங்கட்கிழமை நீ லீவு எடுத்துக்கோ."