உள்ளங்கையளவு விண்கலம்

"இன்னாம்மா இது, சாட்டிலைட்டா? என் டிபன் டப்பாவே இதைவிடப் பெருசு."

சுங்க அதிகாரி ஸ்ரீஹரி மேசை மேலிருந்த பெட்டியைப் பேனாவால் தட்டினார். ஆந்திர எல்லையில், தடாவில் ஒரு சரக்குக் கிடங்கு அது. எதிரே, கம்பெனிகளுக்காகச் சரக்கை விடுவித்துத் தரும் சுங்க முகவர் ஸ்வர்ணலதா நின்றாள். லைசென்ஸ் வாங்கித் தனியாக அவள் எடுத்த முதல் சரக்கு இது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுவதற்காக வெளிநாட்டிலிருந்து வந்த தகவல்தொடர்புச் செயற்கைக்கோள், ஆகவே வரி கிடையாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். அது பொய்யென்று ஆனால் லைசென்ஸ் போய்விடும்.

"சைஸைப் பாத்து வகை பிரிக்கிறதில்ல சார். மேல போய் வேலை செஞ்சா அது விண்கலம்தான்."

விதிகளையும் மளமளவென்று ஒப்பித்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, ஸ்ரீஹரியே கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனாலும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று, அதை வரவழைத்த கம்பெனியின் இன்ஜினியர் பிரித்திகாவைத் திறக்கச் சொன்னார்.

பிரித்திகா கையுறை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சதுரக் கட்டியை எடுத்தாள். மின்சாரம் ஓடுகிறதா என்று மீட்டரை வைத்தாள். முகம் சுருங்கியது. மறுபடியும் வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து மூடியைக் கழற்றினாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் கூடு.

ஸ்ரீஹரி காகிதத்தை இழுத்து, பொய்த் தகவல் என்று எழுத ஆரம்பித்தார்.

பிரித்திகாதான் சட்டென்று சிரித்தாள். இதோடு, பார்வைக்கு வைக்க அச்சு அசலாக ஒரு மாடலும் வந்திருந்தது. அதற்கு மட்டும் வரி கட்டி, திங்கட்கிழமையே வெளியே எடுத்தார்கள். முதல் சரக்கின் ஞாபகமாக இருக்கட்டும் என்று கம்பெனி அதை ஸ்வர்ணலதாவுக்கே கொடுத்துவிட்டது. அனுப்பியவர்கள் இரண்டின் லேபிளையும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள், ஸ்வர்ணலதாவிடம் இருப்பதுதான் நிஜ விண்கலம் என்றாள் பிரித்திகா.

ஸ்ரீஹரி எழுதுவதை நிறுத்தினார். "அப்ப தப்பு அனுப்புனவங்க மேலதான். அதைக் கொண்டாந்து காட்டும்மா, அவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கினு ரெண்டையும் சரி பண்ணிடறேன். இன்னாத்துக்கு இப்பிடி நிக்கிற? வீட்லதானே கீது?"

ஸ்வர்ணலதா மேசையிலிருந்த வெறும் கூட்டைப் பார்த்தாள்.

"இல்ல சார். சரக்கு வரியில்லாம வெளிய வரணும்னு வேண்டிக்கினு, நேத்துதான் திருமலைக்குப் போய் அதை உண்டியல்ல போட்டுட்டு வந்தேன்."