அப்பாவுக்கு ஒரு தங்கக் கோடு

"ச்சீ! என்ன நாத்தம்ட்டி இது! கொடலப் புடுங்குது."

மாடி ஷெட்டின் வாசலிலேயே நின்றுகொண்டு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள் பிரம்மநாயகி. உள்ளே மருமகள் ஃபெமினா, தானே வனைந்து பளபளவென்று சுட்டெடுத்த வெள்ளைக் கோப்பையின் விளிம்பில், மூச்சைப் பிடித்துக்கொண்டு தங்கம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

தங்கம் என்று பேருதான். லஸ்டர் என்று எழுதியிருந்த அந்தச் சின்னக் குப்பியில் இருந்தது, தார் மாதிரி பிசுபிசுக்கும் பழுப்புத் திரவம். பார்த்தால் குமட்டும், முகர்ந்தால் தின்றது மேலே வரும். கோப்பையை இன்னொரு தடவை சூளையில் வைத்து எடுத்தால்தான் அந்த அசிங்கம் தங்கமாகும்.

"சுட்டா வாடை போயிரும் அத்தை. கோடு தகதகன்னு நிக்கும்."

"என்னமோ செய்யி. ஆறுல ஒண்ணுக்குப் போட்டாப் போதும், கேட்டியா? உங்கப்பாவுக்கு மட்டும். மொத மொதல்ல வாராருல்லா."

ஃபெமினா சிரித்துக்கொண்டே தூரிகையை மறுபடி குப்பியில் தோய்த்தாள்.

சிவகணேஷைக் காதலித்துக் கட்டி மூன்று வருஷம் ஆகிறது. மணப்பாட்டில் படகு வைத்திருக்கும் அப்பா அருளப்பன் இந்தப் பாளையங்கோட்டை வீட்டுப் படியை இன்னும் மிதிக்கவில்லை. முட்டைகூட நுழையாத சைவ வீடு. "மரியாதையா ஒரு வாய்க் காப்பி தாரோம்னு அவுக கூப்புடட்டும் மக்கா, அன்னைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டார் மனிதர். சிவகணேஷ் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அத்தையே போன் போட்டுக் கூப்பிட்டுவிட்டாள்.

அத்தையைக் குறை சொல்ல ஃபெமினாவுக்கு மனசு வந்ததில்லை. வாழவந்த முதல் வாரமே, "இது உனக்குன்னே வாங்குனது" என்று ஒரு நீலக் கோப்பையைக் கையில் கொடுத்தவள். ஒருநாள் சிவகணேஷ் தெரியாமல் அதில் காப்பி ஊற்றப் போக, பெற்ற மகன் என்றும் பாராமல் கையிலிருந்து பிடுங்கினாள். அது ஃபெமினாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தங்கம் லேசில் படியவில்லை. நல்லவேளை, ஆறுக்கு மேலேயும் சில கோப்பை வனைந்து வைத்திருந்தாள். முதல் கோப்பையில் விரல் பட்ட இடமெல்லாம் சூளையில் ஊதாக் கறையாகிவிட்டது. இரண்டாவதில் கோடு திட்டுத்திட்டாக வெந்து, சொறி பிடித்தது போல் வந்தது. அந்த நாற்றத்தை முகர்ந்து முகர்ந்து மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு தடவை மாடிக் குழாயடியில் போய் வாந்தி எடுத்தாள். மூன்றாவது கோப்பையில்தான் கோடு சுத்தமாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அருளப்பன் வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் சாத்தான்குளம் கருப்பட்டி. வாசலிலேயே மகளின் காதுக்குள் கேட்டார்:

"நேத்துலேருந்து மீனு தொடல மக்கா. ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சேன். வாடை அடிக்கா?"

புயலிலும் படகைத் திருப்பாத ஆள். ஒரு வாய்க் காப்பிக்காக இப்படிப் பயந்து நிற்கிறாரே என்று ஃபெமினாவுக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது.

"ஒண்ணும் அடிக்கல. பேசாம வாங்கப்பா."

"வாங்க அண்ணாச்சி! இப்பமாவது வழி தெரிஞ்சுதே!" பிரம்மநாயகி வாய் நிறையக் கூப்பிட்டாள். நாற்காலியைச் சிவகணேஷ் துடைத்துப் போட்டான்.

காப்பி வந்தது. மற்றவர்களுக்கு வெறும் வெள்ளைக் கோப்பை, அருளப்பனுக்கு மட்டும் விளிம்பில் தங்கம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் எதுக்கு இதெல்லாம்?"

"ஒங்க மகதான் வரைஞ்சா. நான்தான் போடச் சொன்னேன்" என்றாள் பிரம்மநாயகி.

கூச்சத்தோடு அவர் அண்ணாந்து குடிக்கப் போனார். பிரம்மநாயகி விடவில்லை.

"சும்மா வாய் வச்சே குடிங்க அண்ணாச்சி. ஒங்களுக்குன்னே செஞ்சதுல்லா!"

அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மிடறு குடித்துவிட்டு, வீட்டில் மனைவி மரியம்மாளுக்குக் காட்ட வேண்டும் என்று கோப்பையைப் போட்டோ வேறு எடுத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் காப்பி கேட்டும் வாங்கிக் குடித்தார்.

பஸ் ஏறும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "தங்கமான பொம்பள மக்கா. நாந்தான் மூணு வருசமா வீம்பு புடிச்சிட்டேன். இனி ஒன்னப் பத்தி எனக்குக் கவலையில்ல."

ஃபெமினா கால் தரையில் பாவாமல் வீடு திரும்பினாள். அடுக்களையில் கிடந்த கோப்பைகளை, குடிக்காதவற்றையும் சேர்த்துக் கழுவி, ஆறையும் மேடையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள்.

"அய்யய்யோ, எல்லாத்தையும் ஒண்ணாவா போட்டுக் கழுவுன?"

ஓடிவந்த பிரம்மநாயகி அடுப்பு மேடையிலிருந்த இடுக்கியை எடுத்தாள். தங்கக் கோப்பையை அதன் காதில் கவ்வி, செத்த எலியைத் தூக்குவது போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டு போய், கொல்லைப்புற ஜன்னலுக்கு வெளியே வைத்தாள். திரும்பி வந்து, மற்ற ஐந்தின் மேலும் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினாள்.

ஃபெமினாவுக்கு மூன்று நாளாக அந்தக் கோட்டைப் போட்ட தன் விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"என்ன அத்தை செய்யுதிய?"

"கலந்துரக் கூடாதுன்னுதானட்டி கோடு போடச் சொன்னேன்!"