ஏழு மணிக் காப்பி

“வந்த சம்பந்திக்கு ஒரு வாய் காப்பி குடுக்க இந்த ஊட்டுல வழியில்லீங்களா?”

கேட்டதையே ஓர் எழுத்து மாறாமல் மறுபடியும் கேட்டாள் வெங்கடலட்சுமி. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால், கோயமுத்தூரில் முதல் பஸ் பிடித்துக் காரமடையில் வந்து இறங்கியவளுக்கு வெறும் தண்ணீர்ச் சொம்பை நீட்டினால்?

“மணி ஏழாவட்டுங்க சம்பந்தி. ஏழாச்சுன்னா அடுப்புல வெச்சுப்போடறேன்,” என்றாள் சென்னியம்மாள். நெற்றியைச் சுற்றி ஒரு பழைய துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

“காப்பிக்கு நல்ல நேரம் பார்க்கறதை உங்க ஊட்டுலதானுங்க பார்க்கறேன். ராகு காலம் ஏதாவது முடியணுங்களா?”

சென்னியம்மாள் பால் கறக்கப் போசியை எடுத்துக்கொண்டு எருமையிடம் போய்விட்டாள்.

வெங்கடலட்சுமி மகள் பக்கம் திரும்பினாள். லோகப்பிரியாவுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் போட்டனுப்பிய வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. சொம்பைப் பிடித்த கையில் நடுக்கம் வேறு.

“பெரியநாயக்கன்பாளையத்துச் சித்தி சொன்னப்ப நான் நம்பலைடி. ‘உம்மக துரும்பாட்ட ஆயிட்டா, ஒரு வாய் காப்பிக்கு மாமியாக்காரி மூஞ்சியப் பார்த்து உக்காந்திருக்கறா’ன்னாங்க. இப்பக் கண்ணால பார்த்துட்டேன். துணிமணியை எடுத்து வை. எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பறோம்.”

“மெதுவாப் பேசுங்கம்மா, அத்தைக்குக் கேட்டுரும்.”

“கேக்கட்டும். தலைவலின்னு துணியைக் கட்டிட்டா வேஷம் தெரியாமப் போயிருமா? மேனர்ஸ்னு ஒண்ணு வேண்டாம்?”

“வேஷம் இல்லீங்கம்மா. காப்பி குடிக்காத தலைவலி. கண்ணு முழிச்சதும் அத்தைக்குக் காப்பி வேணும். எனக்காக விட்டுட்டாங்க.”

“உனக்காகவா?”

“ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் நான் பாலு, காப்பி எதையும் தொடக் கூடாது. காப்பி வாசம் வந்தா குடிக்காம என்னால இருக்க முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். ‘மருமக வாயைக் கட்டிட்டு உக்காந்திருக்கறப்ப நாம மடக்கு மடக்குன்னு குடிக்கறதா’ன்னு, அதுவரைக்கும் இந்த வீட்டுல யாருக்குமே காப்பி கிடையாது. ஒறம்பரை, விருந்தாளின்னு யாரு வந்தாலும் கிடையாது. உங்க மருமகனே வேலைக்குப் போறப்ப துடியலூர்ல பஸ் இறங்கித்தான் குடிக்கறாரு.”

வெங்கடலட்சுமி மகளின் கையைப் பிடித்து வளையலை மேலே தள்ளிக் காட்டினாள்.

“அப்ப இந்த எலும்பும் தோலும்? இந்த நடுக்கம்?”

“அதுவும் மாத்திரைதான். டோஸ் ஜாஸ்தியாயிருச்சு. நெஞ்சு படபடன்னு அடிச்சுது, தூக்கமே இல்ல. ‘இத்தனை வெரசா இளைக்கக் கூடாது அம்மணி’ன்னு அத்தைதான் டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, போன வாரந்தான் டோஸைக் குறைச்சாங்க. ஒன்றரை மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட். இப்பவே படபடப்பு தேவலை.”

“யாருகிட்டக் கதை விடறே? கல்யாணத்துக்கு முந்தி ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் பத்தலை, பத்தலைன்னுதானே ஏத்தினாங்க? அதே மாத்திரை, அதே டோஸ். இங்க வந்ததும் எப்படி ஜாஸ்தியாகும்?”

லோகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொல்லுடி.”

“அத்தை சொல்ல வேண்டாம்னாங்க.”

“சரி, அப்பக் கிளம்பு.”

“அங்க நம்ம வீட்டுல நான் காப்பியோட மாத்திரை போட்டேன்ல, அதனால மருந்து முழுசா உடம்புல சேரவே இல்லீங்களாம். அது தெரியாம ஏத்திட்டே போயிருக்காங்க. இங்க வந்து மொத தடவை போனப்பவே டாக்டரம்மா விசாரிச்சுட்டு, வெறும் வயித்துல தண்ணியோட போடச் சொன்னாங்க. ஏத்தி வெச்ச டோஸ் அத்தனையும் சேர ஆரம்பிச்சிருச்சு.”

வெங்கடலட்சுமிக்குத் தன் வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது.

மகள் காலேஜ் போன நாளெல்லாம் டம்ளரையும் மாத்திரையையும் சேர்த்து நீட்டியது யார்? ‘காப்பியோட போட்டா மறக்காது’ என்று வழி கண்டுபிடித்தது யார்? பழைய டாக்டர் கேட்டபோதெல்லாம், ‘ஒரு நாள் தவறினதில்லை டாக்டர்’ என்று இங்கிலீஷில் நிமிர்ந்து சொன்னது யார்?

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“கோபமாயிட்டாங்க. ‘எந்தப் புத்திகெட்டவங்க காப்பியோட போடச் சொன்னது?’ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அத்தை...”

“என் பேரைச் சொல்லிட்டாங்களாக்கும்.”

“‘நாந்தானுங்க. படிக்காதவ, தெரியாமச் சொல்லிப்போட்டேன்’னு கையெடுத்துக் கும்பிட்டாங்கம்மா. அப்பறமும் டாக்டரம்மா விடலை. அத்தனை பேச்சையும் நின்னு வாங்கிட்டு வெளியே வந்து, ‘உங்கம்மாளுக்குத் தெரிய வேண்டாம் கண்ணு, பெத்த மனசு தாங்காது’ன்னாங்க.”

வெங்கடலட்சுமி வாசலைப் பார்த்தாள். எருமைக்குப் பக்கத்தில் குனிந்து பால் கறந்துகொண்டிருந்தாள் அந்தக் குட்டைப் பெண்மணி. அவளை அண்ணாந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது.

எங்கோ மில்லில் ஏழு மணிச் சங்கு ஊதியது.

சென்னியம்மாள் உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். வீடு முழுக்கக் காப்பி மணந்தது. முதல் டம்ளர் சம்பந்திக்குத்தான் வந்தது.

“எடுத்துக்குங்க சம்பந்தி. பஸ்ஸுல அலுத்து வந்தவங்களைக் காக்க வெச்சுப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

டம்ளரைத் தொட வெங்கடலட்சுமிக்குக் கை எழவில்லை.

“அடுத்த தடவை டாக்டரம்மாகிட்டப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. அந்தப் புத்திகெட்டவ யாருன்னு நானே சொல்லோணும்.”

சென்னியம்மாள் நெற்றித் துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மருமகளுக்குக் காப்பி ஆற்றத் தொடங்கினாள்.