ரோஸ் நிறக் கசப்பு

அடுப்புக்கு மேலே நிலவேம்பு கட்டுக்கட்டாய்த் தொங்கியது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து அம்சவள்ளி இங்கிலீஷ் மருந்து குடித்தாள்.

கொல்லையிலிருந்து வந்த தாண்டவராயன் அதைப் பார்த்துவிட்டார்.

ரோஸ் நிறத் தண்ணீர். பாட்டிலின் முதுகில், ஒரு வேளைக்கு எவ்வளவு என்று பல் பல்லாக வெட்டி ஒட்டிய காகிதம். திண்டிவனத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் கம்பவுண்டர் சீனுவாசனுடைய சரக்கு.

விக்கிரவாண்டி சுற்றுவட்டாரத்தில் காய்ச்சல் என்றால் தாண்டவராயன்தான். அவருடைய நிலவேம்புக் கசாயத்தைக் குடித்தவனை மூன்று நாளைக்குக் கொசு கடித்தால், கொசுதான் சாகும். ஒரு தடவை வெளியே கொட்டிய சக்கையைத் தின்ற எருமை ஒரு மாதம் கசப்பாய்க் கறந்தது. அந்தப் பாலில் மோர் குடித்த மணியக்காரருக்கு இன்றுவரை ஒரு தும்மல் கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் எருமையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில், அவர் பெண்சாதி, பாட்டில் மருந்து.

"ஏம்மே, ஊரு சனமெல்லாம் என் வாசப்படியில வந்து நிக்குது. நீ இன்னாடான்னா திண்டிவனம் போய்க்கினு வந்திருக்கே. நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?"

அம்சவள்ளிக்கு முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், உச்சிப்பொழுதுக்குக் குளிர் வந்து பல் கிட்டிப்போகும். நாலு முறை வந்துவிட்டது. நாலு முறையும் தாண்டவராயன் தன் கையாலேயே கசாயம் காய்ச்சி, 'நெலவேம்பும்மே, சாதா நெலவேம்பு இல்லே, கண்டாச்சிபுரம் மலையடியில பறிச்ச நெலவேம்பு' என்று நாலு வீட்டுக்குக் கேட்கச் சொல்லித்தான் கொடுத்தார். காய்ச்சல் அசையவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள்.

இன்றைக்கு ஐந்தாவது முறை.

"காய்ச்சலுக்குக் குடுக்கற கொயினாவே எங்கியும் கெடையாது. சண்டையில ஜப்பான்காரன் மரத்தோட புடுங்கிக்கினு பூட்டான். இவன் சாயத்தண்ணியைக் குடுத்து ஊரை ஏய்க்கறான். பாக்கறியா?"

அதை நிரூபிப்பதற்காகவே பாட்டிலைப் பிடுங்கி ஒரு மடக்கு குடித்தார்.

நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

கொயினாக் கசப்பு நாக்கு நுனியில் வந்து விசாரித்துவிட்டுப் போய்விடும். இது அடித்தொண்டையில் பாய் போட்டுப் படுத்தது. போதாததற்கு, ரோஸ் நிறத்துக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு புகை வாசனை. வறட்டி அடுப்புப் புகை. அவர் வீட்டுப் புகை.

அண்ணாந்து எண்ணினார். பதினொரு கட்டு தொங்க வேண்டிய இடத்தில் எட்டுதான் தொங்கியது.

தாண்டவராயனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. 'தழையைத் தின்ன நீ இன்னா ஆடா?' என்று பச்சிலை சாப்பிடுகிறவர்களைக் கடைக்கு வந்த ஆள்களுக்கு முன்னால் கேலி பேசுகிறவன் இந்தக் கம்பவுண்டர். இப்போது அவர் வீட்டுச் சரக்கையே திருடி, சாயம் போட்டு, அவர் பெண்சாதி கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

துண்டை உதறித் தோளில் போட்டார். தடியை எடுத்தார். பாட்டிலுக்குள் இருப்பது இன்னதுதான் என்று திண்டிவனம் கடைத்தெரு நடுவில் நின்று கத்தப்போவதாகச் சொன்னார். எதற்கும் இங்கேயே ஒரு தடவை கத்திப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தார்.

எலும்பும் தோலுமான ஒரு கை அந்த வாயைப் பொத்தியது.

"சொல்லாதே" என்றாள் அம்சவள்ளி. "அந்த ஆளு திருடலை. நான்தான் இடிச்சுத் தூளாக்கி எடுத்துக்கினு போய், பாட்டில் மருந்தாக் கலக்கித் தரச் சொல்லிக் குடுத்தேன். குடுக்கறவன் வாயால பச்சிலையோட பேரு வந்தா அது பலிக்காதுன்னு ஒங்கப்பாரு சொல்லிட்டுத்தானே செத்தாரு? ஒன் வாயி சும்மா இருக்குமா? அந்த ஆளுக்குப் பேரே தெரியாது. கேட்டாரு. எனக்கும் தெரியாதுன்னுட்டேன்."

மூச்சு வாங்க உட்கார்ந்து, காகிதத்தில் அடுத்த பல் வரைக்கும் அளந்து குடித்தாள்.

உச்சிப்பொழுது வந்தது. லேசாக ஒரு நடுக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, தப்பான வீட்டுக்கு வந்ததுபோலத் திரும்பிப் போயிற்று.

பாட்டில் தீர்ந்த அன்று, கையில் காலிப் பாட்டிலும் இடுப்பில் ஒரு தூள் பொட்டலமுமாகத் திண்டிவனம் போய் வரிசையில் நின்றது தாண்டவராயன்தான். அவருக்குப் பின்னால் விக்கிரவாண்டி ஆள்கள் நாலு பேர். காய்ச்சல் வந்தால் அவரிடமே ஓடிவந்தவர்கள். இந்த வரிசையில் அவரைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

கம்பவுண்டர் ஒரு சிட்டிகைத் தூளை நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார்.

"போன தடவ வந்த அம்மாவுக்கும் தெரியலை. இது இன்னா தழைன்னு ஒனக்காவது தெரியுமாய்யா?"

பின்னால் நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

தாண்டவராயன் காலிப் பாட்டிலை நீட்டினார்.

"தெரியாதுங்க."