எந்த வீட்டுக் கொசு

தமிழும் மலையாளமும் கலந்து பேசும் மட்டாஞ்சேரிச் சந்தில் மழை விட்டு வெயில் வெளுத்துக் கிடக்கிறது. சங்கரியின் வாசலில் இருக்கும் நீல டிரம்மின் மேல் ஆய்வுக்கூடத்துப் பெண் தன்யா குனிந்திருக்கிறாள். நெளியும் கொசுப்புழுக்களைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி, ஸ்பிரிட் நிரப்பிய சின்னக் குப்பியில் விடுகிறாள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிபவற்றை டி.என்.ஏ. சோதனை இன்ன இனம் என்று பிரித்துச் சொல்லிவிடும். டெங்குக் காய்ச்சலில் மகள் போனதிலிருந்து சங்கரிக்கு அழுகையும் வரவில்லை, பசியும் தெரியவில்லை. கதவில் சாய்ந்து நிற்கிறாள். குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும்; பிடித்து வைக்காமல் முடியாது. "என் டிரம்முல பொறந்ததுதான் அவளக் கடிச்சுதான்னு இதுல தெரியுமா மோளே?" தன்யாவின் கை நிற்கிறது. "இல்ல சேச்சி. என்ன கொசுன்னு மட்டும்தான் அறியும். எந்த வீட்டுதுன்னு அறியாது." சங்கரி டிரம்மிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிர்வீட்டு ரோஜா இடுப்பில் குடத்தோடு வந்து, அதை டிரம்முக்குப் பக்கத்தில் இறக்குகிறாள். "இதுலயும் நெளியுது, எடுத்துக்கோ. இவ தண்ணி மட்டும்தான் கெட்டதா?" கடவுள் இந்தச் சந்துக்குள் வருவதென்றால் இப்படித்தான் வருவார் போலிருக்கிறது. பின்னாலேயே பக்கத்து வீட்டு இஸ்மாயில் பாய் வாளியைத் தூக்கி வருகிறார். "இதையும் நோக்கு மோளே. என் வீட்டுப் புழு மட்டும் ஹஜ் போய் வந்த ஹாஜியாரா?" இன்னொரு கதவு திறக்கிறது, அண்டா ஒன்று தரையில் உரசிக்கொண்டு வருகிறது. தன்யா வேறொரு குப்பியைத் திறக்கிறாள். ரோஜா ஈரக் கையால் சங்கரியின் விரல்களைப் பற்றுகிறாள். அவை விறைத்தே இருக்கின்றன. சங்கரி கையை இழுத்துக்கொள்ளவில்லை.