பட்டியலில் இல்லாத குளம்

மரியபுஷ்பத்தின் மாட்டுக்கொட்டகையில் பிடித்த தீ வீட்டுக் கூரைக்குத் தாவியிருந்தது. தீயணைப்பு வண்டியின் தொட்டி காலி. நாற்பதடி தள்ளிக் குளம் தளும்பிக் கிடந்தது.

தீயணைப்புக் குழுவின் தலைவி இசக்கியம்மாள் வண்டிப் பம்பின் உறிஞ்சுகுழாய் நுனியை ஓலைக்கூடைக்குள் வைத்துக் கட்டி, நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே இறக்கினாள். கூடை பாசியைத் தடுக்கும். அவ்வளவு ஆழம் இருந்தால்தான் பம்பு தண்ணீரோடு காற்றையும் இழுத்துத் திணறாது. எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் பம்பு ஓடவில்லை, பேசியது.

"இவ்விடத்தில் நீர்நிலை இல்லை. அனுமதி பெற்ற நீர்நிலைக்குச் செல்லவும்."

"பம்புக்குள்ள ஏத்தி வச்சிருக்க அரசாங்கப் பட்டியல்ல இது வீட்டுமனையாம்க்கா," என்றான் ஓட்டுநர் சூசை.

"அப்ப நான் இடுப்பளவுக்கு எதுக்குள்ளல நிக்கேன்?"

"ஏட்டி, எங்க வயக்காட்டு டீசல் இன்ஜின எடுங்க!" என்று கத்தினாள் மரியபுஷ்பம். "அது பழசு. ஒருத்தர்ட்டயும் கேக்காது."

மூவருமாக அதைத் தள்ளிவந்து குழாயை மாட்டுவதற்குள் கால்மணி நேரம் போயிற்று. பாதி வீடுதான் மிஞ்சியது.

மூன்றாம் நாள், இல்லாத குளத்தில் நீர் எடுத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதம் வந்தது. இசக்கியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் எழுதினாள்:

"குளம் இல்லையென்றால் நான் நீர் எடுக்கவில்லை. நீர் எடுக்கவில்லையென்றால் அந்த வீடு முழுவதும் எரிந்திருக்க வேண்டும். தாங்கள் நேரில் வந்து, மிச்சப் பாதியில் குடியிருப்பவளிடம் அதைச் சொல்லவும்."